நாற்பத்தொன்றாவது சந்தேகம்

அந்தப் பள்ளிக்கூடத்து நூலகத்தில் அவருக்கு ‘ரப்பர் மாமா’ என்று பெயர் வைத்தது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். வைத்த பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. இப்போது வாட்ச்மேன்கூட “ரப்பர் மாமா வந்தாச்சு” என்று சொல்லிக்கொண்டேதான் கேட்டைத் திறக்கிறார். தொழிலால் அவர் கார் பெயிண்டர். நசுங்கிய கதவு, சொட்டை விழுந்த பானெட், எவனோ சாவியால் கீறிவிட்டுப் போன பக்கவாட்டு எல்லாவற்றையும் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, எதுவுமே நடக்காததுபோல ஆக்கி அனுப்புவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் பிழைப்பு. பட்டறைக்குப் புதன்கிழமை விடுமுறை. கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டிய அந்தப் புதன்கிழமைக் காலையைத்தான் மனிதர் நூலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

சும்மா எழுதிக் கொடுக்கவில்லை. ‘நேரமுள்ள பெற்றோர் நூலக வேலைகளில் உதவலாம்’ என்று பள்ளியிலிருந்து நோட்டீஸ் வந்தபோது, மனைவி படித்துவிட்டு மேஜைமேல் போட்டாள். மருந்துக்கடை வேலையில் அவளுக்கு உட்காரவே நேரமில்லை. அவர் அந்தத் தாளை எடுத்து, ‘பெற்றோர்’ என்ற சொல்லை இரண்டு தடவை பார்த்தார். கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம் தாண்டியிருந்தது. மனைவிக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள், ஏழாம் வகுப்பு. இவர்தான் அவர்கள் வீட்டுக்கு ஒரு பெட்டியும் ஒரு மேஜை விசிறியுமாகக் குடிவந்தவர். அந்தப் பெண் மரியாதைக் குறைவாக ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் அவரை எதுவென்றும் கூப்பிடுவதில்லை. அப்பா இல்லை, மாமா இல்லை, சித்தப்பா இல்லை, ஒன்றும் இல்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் வாசலில் வந்து நின்று, “சாப்பாடு ஆயிடுச்சாம்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

இவரும் “என்னை என்னன்னு கூப்பிடப் போற?” என்று கேட்டதில்லை. பட்டறையில் சேர்ந்த முதல் நாள் முதலாளி சொல்லிக் கொடுத்த பாடம் அது. “வண்டியில அடி எப்படிப் பட்டுச்சுன்னு கேக்காதே. உன் வேலை அதைச் சரிபண்றது. கேட்டா, அவன் பொய் சொல்லணும், நீ நம்பணும். ரெண்டு பேருக்கும் வீண் வேலை.” இந்தப் பாடத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வாரத்தில் நாலு மணி நேரம் அவள் படிக்கிற கட்டடத்தில் நாமும் இருப்போமே, பிறகு நடப்பது நடக்கட்டும் என்று நினைத்தார். அதற்கும் மகளிடமிருந்து மனைவி வழியாக ஒரு நிபந்தனை வந்தது.

“அங்க அவளைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதாம்.”

“சரி. காட்டிக்கல.”

நூலக டீச்சர் முதல் நாளே மூன்று வேலைகளைக் கொடுத்தார். திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அடுக்குவது, பிய்ந்த அட்டைகளை ஒட்டுவது, பக்கங்களில் இருக்கும் பென்சில் கிறுக்கல்களை அழிப்பது. மூன்றாவது வேலையில் மனிதர் சொக்கிப்போனார். பக்கத்தை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஒரே திசையில் தேய்ப்பார். இரண்டு பக்கமும் இழுத்துத் தேய்த்தால் தாள் கசங்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் துகளை வாயால் ஊதமாட்டார். பட்டறையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பிரஷ்ஷால் ஒதுக்குவார். கடைசியில் பக்கத்தைச் சன்னல் பக்கம் சாய்த்து, கார் கதவைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

“புத்தகத்தை இப்படிக் குளிப்பாட்டி விடுற ஆளை நான் பாத்ததே இல்ல,” என்றார் டீச்சர். அவர் சுலபத்தில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. இவர் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமைக்காக மற்ற ஆறு நாளும் காத்திருக்கும்படி ஆகிவிட்டது. சின்னச் சின்ன சந்தோஷங்கள்தான், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சரியான எண்ணுக்கு நடுவே புத்தகத்தைச் செருகும்போது வருமே ஒரு சின்ன சத்தம், அது அவருக்குப் பிடிக்கும். ஒன்றாம் வகுப்பில் ஒரு வாண்டு, புத்தகத்தைத் திறந்தே பார்க்காமல் வாராவாரம் எடுத்து வாராவாரம் திருப்பும். அதற்கு வேண்டியதெல்லாம் தேதி முத்திரை விழுகிற ‘டொக்’ மட்டும்தான். இவர் அதற்காகவே இரண்டு தடவை குத்துவார். பக்கங்களுக்குள்ளே பஸ் டிக்கெட், ஹேர்பின், மிட்டாய்த் தாள் என்று ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் எட்டாக மடித்த கணக்குப் பரீட்சைத் தாள் கிடைத்தது. இருபத்தைந்துக்கு மூன்று. அதே பக்கத்தில் அதே மடிப்போடு திரும்ப வைத்தார். மூன்று மார்க் வாங்கியவனுக்கு ஒளித்துவைக்க ஓர் இடமாவது வேண்டாமா?

அழிக்கும்போது எழுத்தைப் படிப்பதில்லை என்பதையும் ஒரு நியமமாக வைத்திருந்தார். யார் யாரை முட்டாள் என்று எழுதினார்கள், யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? கறை இருக்கிறதா, எடு. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஒரு புதன்கிழமையில்தான், யாரும் தொடாத கடைசி அலமாரியின் அடித்தட்டுக்கு வந்து சேர்ந்தார். விவசாயம், மீன் பண்ணை, தேனீ. தூசி படிந்து கிடந்த வரிசையில் ஒரு புத்தகம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது. ‘கோழி வளர்ப்பில் நூறு சந்தேகங்கள்.’ கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்று நூறு. திறந்து பார்த்தால் ஓரங்களிலெல்லாம் பென்சில். பக்கத்துக்குப் பக்கம், மேலே, கீழே, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே என்று இடம் விடாமல் எழுதியிருந்தது. அவருக்குக் கை அரித்தது. இரண்டரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் தேய்த்தார். ஒரு ரப்பர் முழுசும் தீர்ந்து, அடுத்ததிலும் பாதி போனது. முடித்தபோது புத்தகம் அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல இருந்தது. அந்த வருஷத்திலேயே தான் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டு, எண் பார்த்து வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தபோது வீடு சரியில்லை. மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. மனைவி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

“ஸ்கூல்ல இருந்து வந்ததுல இருந்து அழறா. சாப்பிடல. லைப்ரரியில ஏதோ புத்தகத்துல எழுதி வெச்சிருந்தாளாம். யாரோ எல்லாத்தையும் அழிச்சிட்டாங்களாம்.” கதவைத் தட்டினாள். “யாருடி அழிச்சது? சொன்னாத்தானே தெரியும்.”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “உன் வீட்டுக்காரரையே கேளு.”

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, அவருக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பள்ளி இரண்டு ஷிஃப்டாக நடப்பது. காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் இன்னொரு கூட்டம். ஒரே பெஞ்சு, ஒரே பலகை, ஒரே நூலகம். ஆனால் காலைப் பிள்ளைகளும் மதியப் பிள்ளைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதில்லை. போன வருஷம் மகளுக்கு இருந்த ஒரே சிநேகிதி ஊர் மாறிப் போய்விட்டாள். அதன்பிறகு இவள் நூலக வகுப்பில் யாரும் வராத அந்தக் கடைசி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருக்கிறாள். ஒருநாள் கோழிப் புத்தகத்தில், ‘இதையெல்லாம் யாராவது படிப்பாங்களா?’ என்று ஓரத்தில் எழுதி வைத்தாள். அடுத்த வாரம் அதற்குக் கீழே பதில் இருந்தது. ‘நான் படிக்கிறேன். நான் மதியம். நீ?’ இவள் ‘காலை’ என்று எழுதினாள். அதுவே இரண்டு பேருக்கும் பெயராகிவிட்டது. ஏழு மாதமாக, ‘காலை’ வியாழக்கிழமை எழுதும், ‘மதியம்’ வெள்ளிக்கிழமை பதில் போடும்.

“அடுத்த வாரம் விளையாட்டு விழாவுக்கு ரெண்டு ஷிஃப்டும் ஒண்ணா வருதாம். பாக்கலாமான்னு அந்தப் பிள்ளை கேட்டிருக்கு. இவ, யோசிச்சு சொல்றேன்னு எழுதிட்டு வந்திருக்கா. ஒரு வாரம் யோசிச்சு, இன்னைக்கு சரின்னு எழுதலாம்னு போனா, புத்தகம் வெள்ளை வெளேர்னு இருக்கு.”

“‘நான் அழிக்கல’ன்னு அவ எழுதலாமே,” என்றார் அவர்.

“நானும் அதைத்தான் சொன்னேன். அழிச்சவங்களும் அதைத்தானேம்மா எழுதுவாங்கன்னு கேக்கறா. பாக்க இஷ்டமில்லாம, இவளே எல்லாத்தையும் அழிச்சிட்டான்னு அந்தப் பிள்ளை நினைக்குமாம். நாளைக்கு மத்தியானம் அது வந்து பாக்கப் போகுது.”

அவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. ஏழு மாதம் எழுதியதை அழிக்க அவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அதிலும் சந்தோஷமாக அழித்திருந்தார். படிக்காமல் அழித்ததைப் பெரிய நாகரிகம் என்று நினைத்திருந்தாரே, படிக்க வேண்டாம், ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். ஃப்ரிட்ஜ் கதவில் தினமும் ஒட்டியிருக்கிற டைம்டேபிள் யார் எழுதியது? அந்த அழுத்தமான, வலப்பக்கம் சரிந்த எழுத்தை அவருக்குத் தெரியாதா? கேட்காமல் இருப்பது ஒன்று, பார்க்காமலே இருப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்று என்று எண்ணிக் காலத்தை ஓட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அழுத்தமான எழுத்து என்று நினைத்த இடத்தில் மனசு அப்படியே நின்றது. அழுத்தி எழுதினால் பள்ளம் விழும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பட்டறையில் சொட்டை பார்க்கிற டார்ச்சோடு நூலக வாசலில் நின்றார். டீச்சர் பூட்டைத் திறந்துகொண்டே முழுக்கதையையும் கேட்டார்.

“வருஷக்கணக்கா புத்தகத்துல எழுதாதேன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்,” என்றார். “இப்ப எழுதினதை மறுபடி கொண்டுவரணும்னு வந்து நிக்கறீங்க.”

“ஆமா டீச்சர்.”

“என் கண்ணு முன்னாடி பண்ணாதீங்க. அந்த மூலைக்குப் போங்க.”

மூலையில் சன்னல் திரையை இழுத்துவிட்டு, புத்தகத்தை மேஜையில் விரித்தார். சொட்டையை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் இருந்து, தகட்டோடு தகடாகச் சாய்த்து வெளிச்சம் விட்டால், கை வைத்தாலும் தெரியாத பள்ளம்கூட நிழல் காட்டும். டார்ச்சைத் தாளோடு ஒட்டிப் படுக்க வைத்தார். வெள்ளைத் தாளில் சாம்பல் நிழலாக எழுத்து எழுந்து வந்தது.

பக்கத்தின் தலைப்பில் அச்சில் இருந்தது: சந்தேகம் 41. புதிதாக வாங்கிய கோழியைப் பழைய கோழிகளோடு எப்படிச் சேர்ப்பது? பதில்: உடனே கூட்டில் விடக் கூடாது. சில நாட்கள் தனியாக, ஆனால் கண்ணில் படும் தூரத்தில் வைத்திருந்து, பிறகு சேர்க்கவும்.

அதற்குப் பக்கத்தில், வலப்பக்கம் சரிந்த எழுத்தில்: ‘எங்க வீட்டுக்கும் புதுசா ஒருத்தர் வந்திருக்கார். கொத்த மாட்டார். எதையும் நோண்டி நோண்டிக் கேக்க மாட்டார். அது பிடிச்சிருக்கு. ஆனா அவர்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல.’

அவர் டார்ச்சை அணைத்தார். புத்தகத்தை மூடினார். கண் கலங்கியது, அதைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவும் இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்ப எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி மாளாது. ஒன்றரை வருஷமாக அவர் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தது, வெளிச்சம் விட்டால் போதும். ஆனால் நோண்டிக் கேட்கமாட்டார் என்று எழுதியவளின் புத்தகத்தை நோண்டிப் படிப்பதாவது. தானே எழுத்தின் மேல் எழுதிச் சரிசெய்துவிடலாம் என்று வந்த யோசனையையும் கைவிட்டார்.

“இடைவேளைக்கு அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க டீச்சர். எனக்குத் தெரிஞ்ச பிள்ளைன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்.”

முதலாளி இரண்டு தடவை போன் செய்தார். இவர் அரை நாள் லீவு என்று சொல்லி வைத்தார். பத்து மணிக்கு அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“தப்பு என்னோடதுதான்,” என்றார் அவர். “பாக்காம அழிச்சிட்டேன். பாத்திருந்தா உன் எழுத்துன்னு தெரிஞ்சிருக்கும்.”

அவர் டார்ச்சைப் படுக்க வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் காட்டினார். தன் எழுத்து தாளுக்குள்ளிருந்து மேலே வருவதைப் பார்த்ததும் அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

“படிச்சீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சுலபமாக இருந்திருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு. நாப்பத்தொண்ணாவது சந்தேகம். அதுக்கு மேல திருப்பல.”

அவள் முகம் சிவந்தது. மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். “முழுசாவா?”

“முழுசாத்தான்.”

புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அந்த லைட்டைக் குடுங்க,” என்றாள். “பென்சிலும் வேணும்.”

அவர் பென்சிலைச் சீவிக் கொடுத்துவிட்டு எழுந்து போய், அலமாரிக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அட்டை ஒட்டினார். இடைவேளை மணி அடித்து முடிந்தும் டீச்சர் அவளை வகுப்புக்கு விரட்டவில்லை. நூலக வேலைக்கு ஆள் வேண்டுமென்று வகுப்பாசிரியைக்குச் சீட்டு அனுப்பிவிட்டார். அலமாரிக்கு அந்தப் பக்கம் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை அவள் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்.

“மதியம் அழுத்தாம எழுதும். ஒண்ணும் தெரியல.”

“டார்ச்சை இன்னும் கீழ இறக்கு. தாளோட ஒட்டி.”

“ம். தெரியுது. பாதி தெரியுது.” கொஞ்சம் கழித்து, “மீதி எனக்கு மனப்பாடம்,” என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் காலை ஷிஃப்ட் முடிந்து அவள் கிளம்பும்போது புத்தகத்தை அவளே அடித்தட்டில் வைத்துவிட்டுப் போனாள். டார்ச்சை அவர் கையில் கொடுக்கவில்லை, மேஜைமேல் வைத்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் படியிறங்கி, மைதானத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போகும் வரை சன்னலில் நின்று பார்த்தார்.

அந்தச் சனி, ஞாயிறில் வீட்டில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. சாப்பாடு ஆயிடுச்சாம் என்று சுவரிடம்தான் சொல்லப்பட்டது. மதியம் வந்து பார்த்ததா, பதில் போட்டதா என்பது வியாழக்கிழமை வரை அவளுக்கே தெரியாது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரிந்தாள். அவரும் அப்படித்தான். மனைவி இரண்டு பேரையும் பார்த்து, “ஒண்ணு இருந்தது, இப்ப ரெண்டாயிடுச்சு,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். புதன்கிழமை நூலகத்துக்குப் போனவர் அந்த அலமாரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விளையாட்டு விழாவுக்கு ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

விழா முடிந்த அடுத்த புதன்கிழமை, அழிக்க வேண்டிய புத்தகங்களை டீச்சர் மேஜையில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே கோழிப் புத்தகம்.

“இது எப்படி இங்க வந்துச்சு டீச்சர்?”

“உங்ககிட்ட குடுக்கச் சொல்லி ஒரு பிள்ளை வெச்சிட்டுப் போச்சு. பேரு சொல்லல.” டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

முதல் பக்கத்தில், வலப்பக்கம் சரிந்த எழுத்தில், விரலால் தடவினாலே தெரிகிற அழுத்தத்தில் எழுதியிருந்தது. ‘ரப்பர் மாமாவுக்கு. இந்தப் புத்தகத்துல எதையும் அழிக்கக் கூடாது. படிக்கவும் கூடாது. நாப்பத்தொண்ணு மட்டும் படிக்கலாம். இப்படிக்கு, காலை.’ அதற்குக் கீழே தாள் காலியாக இருப்பதுபோலத்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கொசு நடந்துபோனதுபோல மெல்லிசான எழுத்து ஒரு வரி தெரிந்தது. ‘டார்ச்சுக்கு நன்றி. இப்படிக்கு, மதியம்.’

நடுவில் எந்தப் பக்கமும் கண்ணில் பட்டுவிடாதபடி, விளிம்பை மட்டும் பார்த்து எண்ணிக்கொண்டே போய் நாற்பத்தொன்றைத் திறந்தார். முன்னே இருந்த வரிகள் அதே பள்ளத்தில் மறுபடி கறுப்பாக நின்றன. அச்சடித்த பதிலில் ‘சில நாட்கள்’ என்ற இடத்தில் மட்டும் புதிதாக ஒரு கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தாள்.

‘எத்தனை நாள்னு போடவே இல்ல. எங்க வீட்ல ஒன்றரை வருஷம் ஆயிடுச்சு. போதும்.’

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். டீச்சர் எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“அதுவும் பென்சில்தானே? அழிக்கலையா?”

“இல்ல டீச்சர்,” என்றார் ரப்பர் மாமா. ரப்பரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் கடைசி அலமாரியின் அடித்தட்டில், தேனீக்குப் பக்கத்தில், எண் பார்த்துச் செருகினார்.